‘நாலு தட்டு தட்டினா சொல்லிடுவான்!’

காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் நகை காணாமல் போனால் என்ன நடக்கும்? பீரோவைத் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். பெட்டகத்தைக் குடைவார்கள். சாமி வீட்டில் படத்துக்குப் பின்னால்கூடக் கையை விட்டுப் பார்ப்பார்கள். கடைசியில் யாராவது ஒருத்தர் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிடுவார். ‘‘வீட்டுக்குள்ள வேற யாரு வந்தா? அவன்தானே இருந்தான்!’’

‘அவன்’ யார் என்று விளக்க வேண்டியதில்லை. செட்டிநாட்டில் பாதி வீடுகள் பூட்டித்தான் கிடக்கின்றன. பிள்ளைகள் சென்னையில், சிங்கப்பூரில், அமெரிக்காவில். முகப்பைப் பெருக்கி, வளவில் கோலம் போட்டு, பட்டாலை விளக்குக்குத் திரி மாற்றி, அந்த மாளிகையைக் காப்பாற்றுவது ஒரு காவலாளி, அவர் மனைவி. இல்லாவிட்டால் சமையல்காரர், டிரைவர். சாவிக்கொத்து அவரிடம்தான் இருக்கும். நம்பிக்கையானவர், சொந்தப் பிள்ளை மாதிரி என்று விருந்தாளிகளிடம் சொல்வோம். நகை காணோம் என்ற அந்த ஒரு நிமிஷம் வரைதான் அவர் பிள்ளை மாதிரி. அதற்கப்புறம் ‘அவன்’.

உடனே ஸ்டேஷனுக்கு ஒரு போன் பறக்கும். ‘‘சார், கேஸ் கீஸ்னு வேணாம். கூட்டிட்டுப் போய் கொஞ்சம் கவனிச்சு விசாரிங்க. நாலு தட்டு தட்டினா சொல்லிடுவான்.’’

இந்த வாரம் நான் சண்டை போடப்போவது அந்த வாக்கியத்தோடு. போலீஸைத் திட்டி எழுதக் கை நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தப் போனைப் போடுகிற நம்மைத் திட்ட ஆள் இல்லை.

இதே சிவகங்கை மாவட்டம். திருப்புவனம் பக்கத்தில் மடப்புரம் பத்ரகாளியம்மன் கோயில். 2025 ஜூன் 27-ம் தேதி, காரில் வைத்திருந்த நகையைக் காணோம் என்று ஒரு புகார். கோயில் காவலாளி அஜித்குமாரிடம் கார் சாவியைக் கொடுத்ததாகச் சொல்லப்பட்டது. முப்பது வயதுகூட ஆகாத இளைஞர். தனிப்படை போலீஸார் அவரை அழைத்துப் போனார்கள். மறுநாள், 28-ம் தேதி, அவர் உயிரோடு இல்லை. உடம்பில் நாற்பதுக்கும் மேற்பட்ட காயங்கள். ஒளிந்திருந்து ஒருவர் செல்போனில் எடுத்த சில விநாடிக் காட்சியை நாடே பார்த்தது. ஐந்து போலீஸார் கைதானார்கள். மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், மரிய கிளாட் ஆகியோர் முன்னால் விஷயம் வந்தபோது, எஃப்.ஐ.ஆர். போடாமல் தனிப்படை எப்படி விசாரணையில் இறங்கியது என்று கேட்டார்கள். மாவட்ட நீதிபதி ஒருவர் விசாரித்து அறிக்கை கொடுத்தார். வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனது. அவருடைய தம்பிக்கு அரசாங்கம் வேலை கொடுத்தது. காரைக்குடி ஆவினில்.

எல்லோரும் அழுதோம். சரி. நீதிபதிகள் கேட்ட அந்தக் கேள்வியை மட்டும் நாம் மறந்துவிட்டோம். எஃப்.ஐ.ஆர். எங்கே?

நான் படித்தது பி.காம். சட்டம் என்று பார்த்தால் மெர்க்கன்டைல் லா ஒரே ஒரு பேப்பர். அதிலும் தட்டுத்தடுமாறித்தான் கரையேறினேன். ஆனால் வவுச்சர் இல்லாமல் பற்று எழுதக் கூடாது என்பது முதல் வருஷப் பாடம். செட்டிநாட்டுக்காரர்களுக்கு அதைப் பாடம் நடத்தவே தேவையில்லை. கொண்டுவிற்கப் போன பர்மாவிலும் மலாயாவிலும் காலணா விடாமல் பேரேட்டில் ஏற்றியவர்களின் ஊர் இது. கல்யாணத்துக்கே இசைகுடிமானம் எழுதிக் கையெழுத்துப் போடுகிற ஊர். பெண்ணுக்குக் கொடுத்த சாமானைத் தட்டு, கரண்டி உட்படப் பட்டியல் போட்டு வைக்கிற ஊர். அப்படிப்பட்ட ஊரில் ஒரு மனுஷன் மேல் திருட்டுப் பட்டம் கட்டும்போது மட்டும் எழுத்து வேண்டாம், வாய்வார்த்தை போதும் என்றால் எப்படி?

‘கேஸ் வேணாம், சும்மா விசாரிங்க’ என்பது ஏதோ பெருந்தன்மை மாதிரி தோன்றும். ‘பாவம், ஏழை, கேஸ் போட்டா வாழ்க்கையே போயிடும்’ என்று சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் அந்த ஏழைக்கு நாம் செய்கிற பெரிய துரோகமே அதுதான். ஏனென்றால் கேஸ் போட்டால்தான் அவருக்குச் சட்டம் வேலை செய்ய ஆரம்பிக்கும். எஃப்.ஐ.ஆரில் தேதி இருக்கும், நேரம் இருக்கும், பிரிவு இருக்கும். பிரிவு இருந்தால்தான் அதற்கு எத்தனை வருஷத் தண்டனை, ஜாமீன் உண்டா என்று ஒரு வக்கீல் சொல்ல முடியும். கேஸே இல்லாத ஆளுக்கு எந்த வக்கீல் எந்த கோர்ட்டில் போய் நிற்பார்? ‘விசாரணைக்கு அழைத்துப் போனோம்’ என்பது கணக்கில் ஏறாத சரக்கு மாதிரி. குடோனில் இருக்கும், பேரேட்டில் இருக்காது. தொலைந்தாலும் யாரும் பதில் சொல்ல வேண்டாம்.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா வந்திருக்கிறது. வாயில் நுழையாத பெயர். உள்ளே இருக்கிற சில விஷயங்கள் ஒவ்வொரு சமையல்கட்டிலும் தெரிந்திருக்க வேண்டியவை. வேலைக்காரர் முதலாளி வீட்டில் திருடினார் என்றால் அது புதிய தண்டனைச் சட்டத்தின் 306-வது பிரிவு. அதிகபட்சம் 7 வருஷம். ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றத்தில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது, ஏன் கைது அவசியம் என்று போலீஸ் காரணம் எழுத வேண்டும், இல்லாவிட்டால் ‘இந்த நாளில் வந்து ஆஜராகு’ என்று நோட்டீஸ் கொடுத்தால் போதும். அர்னேஷ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை 2014-லேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. புதிய சட்டத்தில் அந்த நோட்டீஸ் 35-வது பிரிவில் இருக்கிறது. ஆக, வீட்டு வேலைக்காரர் மேல் வருகிற திருட்டுப் புகாரில் சட்டம் சொல்கிற முதல் ஆயுதம் லத்தி இல்லை, ஒரு காகிதம்.

கைதே செய்தாலும், காரணத்தைச் சொல்ல வேண்டும். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், எந்தக் குற்றமானாலும் காரணத்தை எழுத்தில், அவருக்குப் புரிகிற மொழியில் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. சொந்தக்காரர் ஒருவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். டாக்டரிடம் காட்ட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். விசாரணையின்போது தனக்கு விருப்பமான வக்கீலைச் சந்திக்க அவருக்கு உரிமை உண்டு. விசாரணை முழுக்க பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க முடியாது, அவ்வளவுதான். தனக்கு எதிராகத் தானே பேச யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. அது அரசியல் சட்டத்தின் 20-வது பிரிவு. பெண்களையும், 60 வயது தாண்டியவர்களையும் சாட்சி விசாரணைக்கு என்று ஸ்டேஷனுக்கே வரச் சொல்லக் கூடாது. போலீஸ்தான் அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டைக் கூட்டும் ஆயாவை ஜீப்பில் ஏற்றி அனுப்பியிருக்கும் எத்தனை பேருக்கு இது தெரியும்?

‘‘அதெல்லாம் சரி சார், உரிமை உரிமைனு பேசினா நகை எப்படிக் கெடைக்கும்? போலீஸ் அடிக்காம கேட்டா எவன் சொல்வான்?’’

இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பறிகொடுத்தவரின் வயிற்றெரிச்சல் நிஜம். தாலிக்கொடி போன வீட்டில் போய் அரசியல் சட்டம் படிக்க முடியாது. ஆனால் இதற்குப் பதில் நம்மை விடப் பழையது. 1854-ல் மதராஸ் ராஜதானியில் சித்திரவதையைப் பற்றி விசாரிக்க வெள்ளைக்கார சர்க்காரே ஒரு கமிஷன் போட்டது. வரி வசூலுக்கும், திருட்டை ஒப்புக்கொள்ள வைக்கவும் நம் ஊர்களில் என்னென்ன செய்தார்கள் என்று அந்த அறிக்கை பேசுகிறது. விரல்களை இடுக்கும் ‘கிட்டி’, ஆளை வளைத்துக் கயிற்றால் கட்டிப்போடும் ‘அண்ணாந்தாள்’ என்று பெயரோடு இருக்கிறது. அடித்து வாங்குகிற வாக்குமூலம் உண்மையாக இருக்காது என்பது அன்றைய ஆட்சியாளர்களுக்கே புரிந்தது. 1872-ல் அவர்கள் போட்ட சாட்சியச் சட்டத்தில், போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்று எழுதிவைத்தார்கள். இன்றைய புதிய சாட்சியச் சட்டத்திலும் 23-வது பிரிவில் அது அப்படியே இருக்கிறது. நூற்றைம்பது வருஷமாகச் செல்லாத காசு. அதை வாங்கத்தான் ஒரு ஆளின் உயிரை எடுக்கிறார்கள்.

பின்னே ஏன் அடிக்கிறார்கள்? அங்கேதான் சூட்சுமம். அதே பிரிவில் ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். அவர் சொன்னதைக் கொண்டு ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு சம்பந்தப்பட்ட அளவுக்கு மட்டும் அந்தப் பேச்சு செல்லும். போலீஸ் பாஷையில் ‘ரெக்கவரி’. ரெக்கவரி காட்டினால் ஸ்டேஷனுக்குப் பெயர், புகார்தாரருக்குத் திருப்தி, பேப்பருக்குப் போட்டோ. எடுத்தவர் இல்லாமல் வேறொருவரைப் பிடித்து அடித்தால்? அவர் வலி தாங்காமல் வாயில் வந்த அடகுக்கடைப் பெயரைச் சொல்வார். கடைக்காரர் மிரண்டுபோய் தன் சொந்தத் தங்கத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கும்பிடு போடுவார். இது நான் கற்பனையாகச் சொல்வதில்லை. நகை வியாபாரிகள் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கும் புகார். உங்கள் பத்துப் பவுனுக்குப் பதிலாக இன்னொருத்தர் பத்துப் பவுன் வருகிறது. உண்மையில் எடுத்தவர் இருக்கும் இடம் தெரியாமல் நிம்மதியாக இருப்பார். கணக்குப் பாடத்தில் இதற்குப் பெயர் தவறுகளை ஈடுகட்டும் தவறு. ஐந்தொகை சரியாகத்தான் பொருந்தும். உள்ளே பூராவும் தப்பு.

நமக்கு ‘மாவுக்கட்டு’ பிடித்திருக்கிறது. ‘போலீஸுக்குப் பயந்து ஓடியபோது வழுக்கி விழுந்து’ கையிலும் காலிலும் கட்டோடு நிற்கும் ஆளைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. ஒரே மாவட்டத்தில் ஒரே மாதிரி எத்தனை பேருக்குத்தான் ஒரே கையில் வழுக்கும்! பத்திரிகைக்காரர்கள் நாங்களும் யோக்கியர்கள் இல்லை. ‘குற்றத்தை ஒப்புக்கொண்டான்’ என்று ‘ன்’ விகுதி போட்டு எழுதுகிறோம். கோர்ட்டில் செல்லாத வாக்குமூலம் எங்கள் பக்கத்தில் எட்டுக் காலத்தில் செல்லுகிறது.

பெயர் போன வழக்கு ஒன்று ஞாபகம் வருகிறது. 1944 நவம்பரில் மதராஸ் வேப்பேரியில் மஞ்சள் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் குத்தப்பட்டார். எம்.கே.தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். 1945-ல் ஜூரிகளே ‘குற்றவாளிகள்’ என்றார்கள். ஆயுள் தண்டனை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பியது. 1947-ல் இருவரும் விடுதலை. அத்தனை பெரிய மனுஷர்களுக்கே குற்றச்சாட்டுக்கும் குற்றத்துக்கும் நடுவில் இரண்டு வருஷத்துக்கு மேல் ஜெயில். ஆனால் அவர்களிடம் லண்டன் வரை போக வக்கீலும் பணமும் இருந்தது.

அவ்வளவு தூரம் ஏன்? நம்ம தொகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்டனூர்க்காரர், சிவகங்கையின் முன்னாள் எம்.பி., உள்துறை அமைச்சராகவே இருந்தவர் ப.சிதம்பரம். 2019 ஆகஸ்ட் 21-ம் தேதி ஐ.என்.எக்ஸ். மீடியா வழக்கில் சி.பி.ஐ. அவரைக் கைது செய்தது. அதற்கு முன்பே முன்ஜாமீன் கேட்டு உயர் நீதிமன்றம், அது தள்ளுபடியானதும் உச்ச நீதிமன்றம். கைதுக்குப் பிறகு கபில் சிபல், அபிஷேக் சிங்வி போன்ற சீனியர்கள் வாதாடினார்கள். சி.பி.ஐ. வழக்கில் அக்டோபரில் ஜாமீன், அமலாக்கத் துறை வழக்கில் டிசம்பர் 4-ம் தேதி ஜாமீன், 106 நாளுக்குப் பிறகு வெளியே வந்தார். அவரை நான் குறை சொல்லவில்லை. அவர் செய்தது அத்தனையும் முறை. குற்றம் சாட்டப்பட்ட ஒரு குடிமகன் எப்படித் தன்னைத் தற்காத்துக்கொள்ளலாம் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. முன்ஜாமீன், ஜாமீன், மேல்முறையீடு. படிக்கு ஒரு கதவு. ஆனால் அதே மாவட்டத்தில் மடப்புரம் இளைஞருக்கு அந்தக் கதவுகளில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. ஒரே சட்டப் புத்தகம்தான். ஒருவருக்கு அத்தனை பக்கமும் கிடைத்தது, இன்னொருவருக்கு அட்டைகூடக் கிடைக்கவில்லை.

‘ஏழைக்கு யாரு சார் வக்கீல் வெப்பா?’ என்பீர்கள். வைக்க வேண்டியது சர்க்கார். 1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, காவலில் இருக்கும் எவருக்கும் வருமானச் சான்றிதழ் இல்லாமலே இலவச வக்கீல் உண்டு. பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அப்படியே. மாவட்டத்துக்கு ஒரு சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, நமக்கு சிவகங்கையில். 15100 என்ற எண்ணுக்கு போன் செய்தால் போதும். முதல் முறை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தும்போதே இந்த உதவி தொடங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே, பீகாரில் கைதிகளின் கண்ணைக் குருடாக்கிய பாகல்பூர் வழக்கில், சொல்லிவிட்டது. இலவச வக்கீல் என்றால் இளக்காரமாகப் பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. சிலர் அக்கறை இல்லாமல் இருப்பதும் உண்மைதான். இருந்தாலும், கூண்டில் தனியாக நிற்பதற்கும் பக்கத்தில் கறுப்புக் கோட்டு ஒன்று நிற்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நின்றவரிடம் கேளுங்கள்.

அந்த முதல் ஆஜர்தான் உயிர்நாடி. மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்து, ‘அடிச்சாங்களா?’ என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் என்ன நடந்தது? ஊரடங்கு நேரத்தில் செல்போன் கடையைத் திறந்து வைத்ததாக ஒரு குற்றச்சாட்டு. ஜெயராஜையும் பென்னிக்ஸையும் ராத்திரி முழுக்க அடித்தார்கள். காலையில் மருத்துவச் சான்று கிடைத்தது. மாஜிஸ்திரேட்டிடம் ரிமாண்டும் கிடைத்தது. கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனவர்கள் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். டாக்டர், மாஜிஸ்திரேட், சிறை என்று சட்டம் போட்ட அத்தனை செக்போஸ்ட்டையும் அவர்கள் தாண்டித்தான் போனார்கள். ஒன்றிலாவது அவர்களுக்காகப் பேச ஒரு வக்கீல் குரல் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ரிமாண்டுக்குப் பிறகும் வழி அடைபடுவதில்லை. மாஜிஸ்திரேட் ஜாமீன் மறுத்தால் செஷன்ஸ், அங்கேயும் மறுத்தால் மதுரைக் கிளை. 306-வது பிரிவு போன்ற வழக்கில் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் ஜாமீன் கேட்பது உரிமை. கோர்ட் மறுக்க முடியாது. ஆனால் மனு போட்டுக் கேட்க வேண்டும். கேட்காதவர் உள்ளேயே கிடப்பார். குற்றப்பத்திரிகையில் சரக்கு இல்லை என்றால், விசாரணை ஆரம்பிக்கும் முன்பே விடுவிக்கச் சொல்லி மனு போடலாம். வழக்கே பொய் என்றால் உயர் நீதிமன்றத்தில் ரத்து செய்யக் கேட்கலாம். இதெல்லாம் தெரியாததால்தான், 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நூற்றுக்கு 76 பேர் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கொடுத்த கணக்கு அது.

கடைசியாக ஒரு கோபம் பாக்கி இருக்கிறது. பெரிய குற்றம் ஏதாவது நடந்தால், ‘இவனுக்காக எந்த வக்கீலும் ஆஜராகக் கூடாது’ என்று சில ஊர் வக்கீல் சங்கங்கள் தீர்மானம் போடும். ஊரே கைதட்டும். கோயம்புத்தூரில் வக்கீல்களுக்கும் போலீஸுக்கும் நடந்த தகராறில் அப்படி ஒரு தீர்மானம் வந்தது. அங்கே குற்றம் சாட்டப்பட்டது யார் தெரியுமா? போலீஸ்காரர்கள்! விஷயம் உச்ச நீதிமன்றம் போனது. 2010 டிசம்பரில், முகமது ரஃபி வழக்கில், நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் ஞானசுதா மிஸ்ராவும், இப்படிப்பட்ட தீர்மானங்கள் நாடு முழுக்க எங்கே போட்டாலும் செல்லாது என்று சொன்னார்கள். எப்பேர்ப்பட்ட குற்றவாளி என்று சொல்லப்பட்டவருக்கும் வக்கீல் வேண்டும். லத்தி எடுத்தவருக்கும் சேர்த்துத்தான்.

அதனால் மடப்புரம் வழக்கில் கைதான போலீஸாருக்கும் வக்கீல் வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். திட்டுவீர்கள், பரவாயில்லை. அவர்களைக் கைது செய்யும்போது காரணம் சொல்லப்பட வேண்டும், ஜாமீன் கேட்க வாய்ப்பு வேண்டும், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். அவர்களை யாரும் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய் ‘கவனிக்க’க் கூடாது. அவர்களுக்குத் தண்டனை வந்தால், அது மேல்முறையீட்டில் உடையாத தண்டனையாக வர வேண்டும்.

இனி உங்கள் வீட்டு விஷயம். நகை காணோம் என்றால் புகாரை எழுத்தில் கொடுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலைக் கேட்டு வாங்குங்கள். புகார்தாரருக்கு அது இலவசம். சந்தேகப்படுகிறவர் பெயரைச் சொல்லியே தீர வேண்டும் என்றால், ஏன் சந்தேகம் என்பதையும் அதே காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பொய்யாக ஒருவரை மாட்டிவிட்டால் அதற்கும் சட்டத்தில் தண்டனை இருக்கிறது என்பதால், பேனா தானாகவே கொஞ்சம் நிதானமாக ஓடும். அவரைக் கூப்பிட்டால் நோட்டீஸ் கொடுத்துக் கூப்பிடச் சொல்லுங்கள். தனியாக அனுப்பாதீர்கள், அவருடைய அண்ணனோ மச்சானோ கூடப் போகட்டும். 15100 என்ற எண்ணை உங்கள் செல்போனில் மட்டும் பதிந்துவைத்துக்கொண்டு பிரயோஜனம் இல்லை. பின்கட்டில் இருக்கும் அவர் மனைவியிடம் எழுதிக் கொடுங்கள். ராத்திரி பத்து மணிக்கு ஜீப் வந்தால், போன் போட வேண்டியவர் அவர்தான்.